பவுச் அச்சுக்குப் போகும் முன்பு

"இந்த மாவை யாருக்கு, எதற்காக என்று சொல்லி விற்கப் போகிறீர்கள்?"

இணையச் சந்தையில் கடை திறப்பது பற்றி ஆலோசனை கேட்கப் போனபோது எங்கள் ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி இது. ஜிஎஸ்டி பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து அதற்கான தாள்களோடு போயிருந்தோம். நானும் என் ஓரகத்தியும் கோபிசெட்டிபாளையத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் சத்துமாவு தயாரித்து, எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுடன் சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுத்து வந்தவர்கள். சத்துமாவை யாருக்கு விற்பது? பசிக்கிறவர்களுக்கு! ஓரகத்தி அதை அப்படியே சொல்லியும்விட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அன்று அவர் விளக்கியதை இப்போது நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலைக் கஞ்சிக்கு என்று விற்றால் அது தானிய மாவு. ஆறு மாதக் குழந்தைக்கு என்று எழுதினால் அதே மாவு குழந்தை உணவுச் சட்டத்துக்குள் போய்விடுகிறது. சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்றால், உணவுக்குச் சொல்லக் கூடாததைச் சொன்ன குற்றம். அதில் சேரும் பாசிப்பயறை மட்டும் தனியே அரைத்துக் குளியல் பொடி என்று பெயரிட்டால் அழகுசாதனப் பொருள். சட்டமும் வேறு, துறையும் வேறு. மாவு மாறுவதில்லை, அதன்மேல் பாயும் சட்டம் மாறுகிறது. ஆகவே என்னென்ன உரிமம் வேண்டும் என்று தேடத் தொடங்குமுன், பொருள் என்ன, யாருக்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு தாளில் இரண்டு மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எந்த வரியைத் தாண்டி விளம்பரம் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

எங்களிடம் கடையில் வாங்குகிறவர்களில் கைக்குழந்தைக்காரர்கள் நிறைய. "பாப்பாவுக்குக் கூழ் காய்ச்ச" என்றுதான் கேட்பார்கள். பாக்கெட்டின் முகப்பில் ஒரு குழந்தை படம் வேண்டும் என்பது ஓரகத்தியின் நெடுநாள் ஆசை. படம்கூடத் தயாராக இருந்தது, அவளுடைய மகன்தான். தாய்ப்பால் மாற்றுப் பொருட்களையும் குழந்தை உணவுகளையும் கட்டுப்படுத்த 1992-இல் வந்து, 2003-இல் இறுக்கப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை தாய்ப்பாலுக்குத் துணையாக என்று சொல்லி விற்கப்படும் எந்த உணவும் அதன் கணக்கில் குழந்தை உணவு. அதற்கு விளம்பரமே கூடாது, லேபிளில் குழந்தையின் படமோ தாயின் படமோ கூடாது. இது போக, 2020-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ கொண்டுவந்த குழந்தை ஊட்டச்சத்து ஒழுங்குமுறைகள் அத்தகைய உணவில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று தனியாக வரையறுக்கின்றன. கொட்டகையில் வறுத்து அரைக்கிற எங்களுக்கு அது எட்டாத உயரம்.

என் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. செய்முறை அவருடையது. "என் பேரப்பிள்ளைகள் எல்லாம் இதைக் குடித்துத்தானே வளர்ந்தார்கள்?" என்றார். "குடித்து வளர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை அத்தை, பாக்கெட்டில் எழுத வேண்டாம் என்கிறார்கள்" என்றேன். அவருக்கு அந்த வேறுபாடு ஒப்பவில்லை. ஆனால் தொழில் முழுதும் அந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

அடுத்து வந்தது, தளத்தில் பொருளின் பக்கத்தை எழுதிக் கொடுக்கும் வேலை. ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். கெட்டிக்காரர், படங்களை அழகாக எடுத்தார். ஆனால் அவர் எழுதிய தலைப்பைப் படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் மாவு நோய் எதிர்ப்பு சக்தி தரும், எடையைக் குறைக்கும், எடையைக் கூட்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும், பிள்ளைகளை உயரமாக்கும்! எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரே பாக்கெட்டில்.

"எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள் அக்கா. இந்தச் சொற்கள் இல்லாவிட்டால் தேடலில் மேலே வராது" என்றார்.

"மேலே வந்து என்ன செய்வது தம்பி, நோட்டீஸ் என் வீட்டு முகவரிக்குத்தானே வரும்?" என்றேன்.

நோயைத் தடுக்கும், தீர்க்கும், குணமாக்கும் என்று எந்த உணவுக்கும் சொல்லக் கூடாது என்பது 2018-ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறை. தவறான தகவல் தரும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். லேபிள் விதிகளை மீறிய உணவுக்கு 52-ஆம் பிரிவில் 3 லட்சம் வரை. மாவைக் கிலோக் கணக்கில் விற்கும் எங்களுக்கு இந்தத் தொகைகள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தளத்தில் எழுதும் தலைப்பும் கீழே வரும் குறிப்புகளும் விளம்பரம்தான். பாக்கெட்டில் இல்லையே என்ற சமாதானம் செல்லாது.

எல்லாச் சொல்லும் தடை என்றும் இல்லை. சில சொற்களுக்கு அளவு வைத்திருக்கிறார்கள். 100 கிராமில் 3 கிராம் நார்ச்சத்து இருந்தால் நார்ச்சத்து உள்ளது என்று சொல்லலாம். 6 கிராம் இருந்தால் மிகுந்தது என்றே சொல்லலாம். கம்பும் கேழ்வரகும் உள்ள மாவில் இது நடக்கக்கூடிய காரியம். எங்கள் மாவை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பரிசோதித்து, அறிக்கை வந்த பிறகு, அது அனுமதித்த ஒரே ஒரு வரியை மட்டும் எழுதினோம். ஈரோட்டுத் தம்பியின் பத்து வரிகளைவிட அந்த ஒரு வரி நன்றாகவே வேலை செய்கிறது என்பது என் எண்ணம். பரிசோதனைக்கு ஆகும் செலவைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். ஊட்டச்சத்து அட்டவணைக்கு எப்படியும் அது தேவைப்படும்.

பெயரிலும் ஒரு சங்கடம். ஊரில் எல்லோரும் ஹெல்த் மிக்ஸ் என்கிறார்கள். 2024 ஏப்ரலில் எஃப்எஸ்எஸ்ஏஐ, ஹெல்த் டிரிங்க் என்ற வகையே சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை, அந்த வரிசையில் பொருட்களை வைக்காதீர்கள் என்று இணையத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அது பானங்களைப் பற்றியது, எங்கள் மாவைப் பற்றியது அல்ல என்று வாதிடலாம். வாதிட எனக்கு நேரமில்லை. லேபிளில் பொருளின் பெயராகப் பல தானிய மாவு என்றும், அதன் மேலே வழக்கமான சத்துமாவு என்றும் போட்டோம். தளத்தில் எந்த வரிசையில் வைக்கிறார்கள் என்பதையும் நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக வருவதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

பிராண்டுப் பெயருக்கு ஓரகத்தி சொன்ன யோசனைகளில் தூய, அசல் என்ற சொற்கள் இருந்தன. இப்படிப்பட்ட அடைமொழி பிராண்டுப் பெயரில் இருந்து, அது வாங்குகிறவரை ஏமாற்றக்கூடும் என்றால், இது பிராண்டுப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல என்று குறைந்தது 3 மில்லிமீட்டர் எழுத்தில் லேபிளிலேயே போட வேண்டும். தூய என்று பெயர் வைத்துவிட்டு, அது உண்மையல்ல என்று கீழே எழுதுவதைப் போல் கேவலம் உண்டா? விட்டுவிட்டோம். தேர்ந்தெடுத்த பெயரை வணிகக்குறிப் பதிவகத்தின் தளத்தில் 30-ஆம் வகுப்பில் தேடினோம். மாவு வகைகள் அந்த வகுப்பில்தான் வரும். எழுத்து வேறாக இருந்தாலும் ஓசை ஒன்றாக இருந்தால் வம்பு, அதனால் ஒலித்துப் பார்த்தும் தேட வேண்டும். தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகள் செல்லும்.

லேபிளுக்கு வருகிறேன். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், அதிலும் சின்னச் சின்ன விஷயங்களில்.

தமிழில் மட்டும் அச்சடித்த லேபிள் போதாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் விதி அதுதான். கிராமைக் குறிக்க ஆங்கிலத்தில் ஜி என்ற ஒற்றைச் சிறிய எழுத்து மட்டுமே. நம் ஊர்க் கடைகளில் பார்க்கிற ஜிஎம்எஸ் என்ற சுருக்கம் எடையளவு விதிப்படி தவறு. எம்ஆர்பி எல்லா வரிகளும் உட்பட இருக்க வேண்டும். அதோடு அலகு விலையும் வேண்டும்: ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் ஒரு கிராமின் விலை. 500 கிராம் 240 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.48 ரூபாய் என்று அச்சிட வேண்டும். தயாரித்த அல்லது பொதியிட்ட தேதியும் காலாவதித் தேதியும் கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் என்று மட்டும் போட்டால் பழைய காலம். தொகுதி எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், எடையின் இறங்கு வரிசையில் சேர்மானப் பட்டியல் இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவை.

ஒவ்வாமை எச்சரிக்கைதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. அத்தையின் சேர்மானத்தில் கோதுமை, பார்லி, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், சோயா எல்லாம் உண்டு. குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை, பார்லி போன்ற தானியங்கள், வேர்க்கடலை, கொட்டை வகைகள், சோயா ஆகியவை கட்டாயம் அறிவிக்க வேண்டியவை. அறிவிப்பில் ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை அல்ல. ஆனால் நாங்கள் அரைத்தது ஊர் மாவு மில்லில். அதே கல்லில் காலையில் மிளகாய், மதியம் கோதுமை, மாலையில் கடலை மாவு. எங்கள் மாவில் இல்லாதது எது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நிலை. அக்கம்பக்கத்துக் கடையில் வாங்குகிறவர் எங்களிடம் நேரில் கேட்கலாம். குவாஹாட்டியில் வாங்குகிறவர் லேபிளை மட்டுமே நம்புகிறார். அதனால் சின்ன அரவை இயந்திரம் ஒன்றைக் கொட்டகையிலேயே போட்டோம். முந்திரி, பாதாமை நீக்கினோம், சோயாவையும். கொட்டைகளின் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிப்பதால் மாவின் ஆயுள் குறைவதும் ஒரு காரணம். அத்தை இதற்கு மட்டும் மறுப்பு சொல்லவில்லை. முந்திரி விலை அவருக்கும் தெரியும்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. தயாரிப்பாளரின் முழு முகவரியும், நுகர்வோர் தொடர்புக்கான பெயர், தொலைபேசி, மின்னஞ்சலும் லேபிளில் இருக்க வேண்டும். தளத்தில் பொருளின் பக்கத்திலும் இந்த விவரங்களைக் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள எடையளவு விதி. வீட்டிலேயே தொழில் என்றால் வீட்டு முகவரி நாடு முழுக்கப் போகும். நாங்கள் தொழிலுக்கென்று தனி எண், தனி மின்னஞ்சல் வைத்தோம். அந்தக் கைபேசி இரவில் கொட்டகையிலேயே கிடக்கும். வீட்டு முகவரி வெளியே போக வேண்டாம் என்று நினைக்கிற தோழிகள் சிறிய அறையை வாடகைக்கு எடுத்து அதையே தொழிலிடமாகப் பதிந்துகொள்கிறார்கள். பதிந்த இடமும் தயாரிக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பொதியிடுபவராகப் பதிவதும் தனி வேலை. தமிழ்நாட்டில் சட்டமுறை எடையளவு தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. பொதியிடத் தொடங்கி 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய்.

இத்தனையும் முடியும் வரை அச்சகத்துக்குப் போகாதீர்கள். அச்சடித்த பவுச் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் சிலிண்டர் எனப்படும் ஓர் அச்சு உருளை செய்வார்கள். அதன் செலவு உங்களுடையது, பவுச்சும் பெரிய அளவில்தான் தருவார்கள். ஒரு எழுத்து மாறினாலும் சிலிண்டர் மாறும். நாங்கள் வெற்றுப் பவுச் வாங்கி, ஸ்டிக்கர் லேபிள் ஒட்டித்தான் தொடங்கினோம். பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது. ஆனால் முதல் ஆண்டில் விலை மாறும், சேர்மானம் மாறும், விதியும் மாறலாம்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஆடிட்டர் இருக்கிறார். வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஜிஎஸ்டி பதிவுக்கான விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர் மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், 2023 அக்டோபர் முதல் பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண்ணுடன் இணையச் சந்தையில் விற்கலாம். தொடங்கிப் பார்ப்பவர்களுக்கு இது நல்ல வழி. விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. தளம் உங்கள் பணத்தில் ஜிஎஸ்டிக்காக 0.5 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும், அது உங்கள் கணக்கில் வரவாகும். எஃப்எஸ்எஸ்ஏஐ-யில் நாங்கள் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு, அதற்கு மேல் மாநில உரிமம் என்று இருந்தது. இந்த வரம்புகள் மாறக்கூடியவை. எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் உரிமப் பதிவுத் தளமான ஃபாஸ்காஸில் அன்றன்று பார்த்துக்கொள்வது நல்லது, உறவினர் சொன்னதை நம்ப வேண்டாம்.

சத்துமாவோடு மஞ்சள் தூளும் விற்க எண்ணினோம். ஈரோட்டுப் பக்கம் இருந்துகொண்டு மஞ்சள் விற்காமல் இருப்பதா? ஆனால் ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்தவர்களுக்கு உரியது. ஈரோட்டுச் சந்தையில் வாங்கியது என்பதாலேயே ஒரு மஞ்சள் ஈரோடு மஞ்சள் ஆகிவிடாது, வெளிமாநில மஞ்சளும் அங்கே ஏலத்துக்கு வருகிறது. வெறும் மஞ்சள் தூள் என்ற பெயரில் விற்கிறோம். கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, உடன்குடி கருப்பட்டி என்று ஊர்ப் பெயரோடு பட்டியல் போட நினைப்பவர்களுக்கும் இதே விதிதான்.

இயற்கை விளைபொருள் (ஆர்கானிக்) என்று சொல்லவும் சான்று வேண்டும். அங்கீகாரம் பெற்ற சான்று நிறுவனத்திடமோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சான்றளிக்கும் பங்கேற்பு முறையிலோ சான்று பெற்ற விவசாயியிடம் வாங்கி, அதை நிரூபிக்கும் தாள் இருந்தால் ஒழிய அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

"தளமே ஏற்றுக்கொண்டுவிட்டதே, பிறகு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பதிவு எண்ணும் சான்றும் கேட்டு, பக்கம் தயாராகிவிட்டால் தளம் உங்கள் லேபிளைச் சரிபார்த்துவிட்டது என்று பொருள் அல்ல. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கட்டாயத் தர ஆணைக்கு இணங்காத பிரஷர் குக்கர்களை விற்க அனுமதித்ததற்காக அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விற்ற 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அந்தக் குக்கர்களும் ஒரு காலத்தில் தளம் ஏற்றுக்கொண்டவைதாம். பாத்திரம், பொம்மை, மின்சாதனம் விற்க நினைப்பவர்கள் முதலில் பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையைக் கட்டாயமாக்கும் தர ஆணைகளின் பட்டியலைப் பாருங்கள். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் மட்டும் விலக்கு.

குளியல் பொடியை நாங்கள் விற்கவில்லை. கேட்பவர்கள் அதிகம், லாபமும் மாவைவிட அதிகம். ஆனால் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் போக வேண்டும். உணவுக்கு இருப்பதுபோல் சிறு தயாரிப்பாளருக்கான எளிய பதிவு இதில் இல்லை. சித்த மருந்து என்று சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். அதற்கு வேறு உரிமம், வேறு தயாரிப்பு விதிகள். வீட்டு சோப்பு விற்பவர்கள் பலரும் இந்தப் பக்கமே பார்ப்பதில்லை. உரிமம் வைத்திருக்கும் தயாரிப்பாளரிடம் செய்து வாங்கலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாகக் கிடங்கு. தளத்தின் கிடங்கில் சரக்கை வைத்து விற்பதானால் அந்தக் கிடங்கை ஜிஎஸ்டியில் கூடுதல் தொழிலிடமாகச் சேர்க்க வேண்டும். அங்கே உணவை வைப்பதற்கான எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதியும் கேட்பார்கள். வாங்குபவர் கைக்குப் போகும்போது உணவுப் பொருளுக்கு 30 சதவீத ஆயுளோ, காலாவதிக்கு முன் 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் அறிவுறுத்தல். எங்கள் மாவின் ஆயுள் 120 நாள். 45 நாளை ஒதுக்கினால் 75 நாள்; கிடங்குக்குப் போய்ச் சேரவும் பார்சல் ஊர் சேரவும் ஆகும் நாட்களைக் கழித்தால் இரண்டு மாதத்துக்குள் விற்றுத் தீர வேண்டும். ஆகையால் கிடங்குக்குக் குறைவாகவும் அடிக்கடியும் அனுப்புகிறோம். விற்பனை மந்தமான மாதங்களில் அங்கே அனுப்புவதே இல்லை. ஆர்டர் வந்தபின் வறுத்துக் கொட்டகையிலிருந்து நேராக அனுப்புகிறோம்.